பெட்டியில் எழுதிய நாட்களும் வெயிலில் தெரியும் திரையும்

ஓட்டத்துக்கோ மலையேற்றத்துக்கோ வாட்ச் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தானே ஒளிரும் அமோலெட் திரை உள்ளதை வாங்கலாமா, வெளி வெளிச்சத்தில் தெரியும் எம்ஐபி திரை உள்ளதை வாங்கலாமா என்பதைத்தான். அதற்கு நான் வாய் திறப்பதற்குள் எதில் சார்ஜ் அதிக நாள் நிற்கும் என்று அடுத்த கேள்வியும் வந்துவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். திரை எந்த வகை, அதை எவ்வளவு நேரம் விழித்திருக்க விடப்போகிறோம் என்பதைப் பொறுத்தே பேட்டரியின் கணக்கு அமைகிறது. ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் நாட்கணக்கு இந்தத் தொடர்பை மறைத்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள, 2022 ஜனவரியில் கார்மின் நிறுவனம் வெளியிட்ட இரண்டு வாட்ச்களை விடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஃபீனிக்ஸ் 7, எபிக்ஸ் இரண்டாம் தலைமுறை ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே உடல், ஒரே ஐந்து பொத்தான்கள், ஒரே 1.3 அங்குலத் திரை அளவு கொண்டவை. ஃபீனிக்ஸ் 7-ல் 260-க்கு 260 பிக்சல் உள்ள எம்ஐபி திரை. எபிக்ஸில் 416-க்கு 416 பிக்சல் உள்ள அமோலெட் திரை. பெட்டிக் கணக்கில் முதலாவது 18 நாள் நிற்கும், இரண்டாவது 16 நாள் நிற்கும். இதைப் படிக்கும் எவரும், இவ்வளவு பளிச்சென்ற திரைக்காக இரண்டு நாளை விட்டுக்கொடுத்தால் என்ன என்றுதான் நினைப்பார். ஆனால் அந்த 16 நாள் என்பது, மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் சில நொடிகள் தவிர மற்ற நேரமெல்லாம் திரை அணைந்து கிடக்கும் நிலைக்கான கணக்கு. எப்போதும் ஒளிரும்படி வைத்தால் அதே எபிக்ஸ் 6 நாள்தான் நிற்கும் என்று கார்மினே தன் விவரப் பட்டியலில் குறிப்பிட்டிருக்கிறது. ஃபீனிக்ஸின் 18 நாளிலோ திரை ஒரு நொடிகூட அணைவதில்லை. ஆகவே ஒப்பிட வேண்டியது 18-ஐயும் 6-ஐயும்தான். 18-ஐயும் 16-ஐயும் பக்கத்தில் வைப்பது, வயலில் உழுகிறவனின் சாப்பாட்டையும் உறங்குகிறவனின் சாப்பாட்டையும் ஒரே அளவையில் அளப்பது போன்றது. ஜிபிஎஸ் மட்டும் இயங்கும் நிலையிலும் இதே கதைதான்: ஃபீனிக்ஸுக்கு 57 மணி நேரம், எபிக்ஸுக்கு 42, திரையை எப்போதும் ஒளிரவிட்டால் 30.

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதற்கு இரண்டு திரைகளின் அமைப்பே காரணம். எம்ஐபி திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் அடியில் மிகச் சிறிய நினைவகம் ஒன்று இருக்கிறது. ஒரு புள்ளி கறுப்பா வெளுப்பா என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மறுபடி மாற்றச் சொல்லும் வரை அது அப்படியே நினைவில் வைத்திருக்கும். சாதாரண எல்சிடி திரையைப் போல நொடிக்குப் பலமுறை முழுப் படத்தையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஒளியையும் அது தானாக உண்டாக்குவதில்லை. மேலிருந்து விழும் வெளிச்சத்தை உள்ளே இருக்கும் பிரதிபலிப்புப் படலம் திருப்பி அனுப்ப, அதில்தான் எண்கள் தெரிகின்றன. இருட்டில் மட்டும் பின்னாலிருந்து சிறு விளக்கு எரிய வேண்டும். 2013-ல் வந்த பெபிள் வாட்ச்சில் இருந்ததும் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் உருவாக்கிய இவ்வகைத் திரைதான்.

அமோலெட் திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் விளக்கு. கறுப்பாக இருக்கும் பிக்சல் அணைந்திருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டாம். வெள்ளை எண் பெரிதாகப் பெரிதாக, வெளிச்சம் கூடக் கூட, செலவும் கூடுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நடுப்பகல் நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவை). அந்த வெயிலில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால் அதன் பிரகாசம் ஏறத்தாழ 30,000 நிட் (பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவை) அளவுக்கு இருக்கும். இன்றைய அமோலெட் வாட்ச்களில் கோரோஸ் பேஸ் ப்ரோவின் உச்சப் பிரகாசம் 1,500 நிட், அமேஸ்ஃபிட் டி-ரெக்ஸ் 3-க்கு 2,000 நிட், ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2-க்கு 3,000 நிட். அதாவது, இவற்றில் மிகப் பிரகாசமான திரையும் வெயிலில் கிடக்கும் தாளில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் ஈடு. கறுப்புப் பின்னணி வெளிச்சத்தை அதிகம் திருப்பி அனுப்பாததால் எண்கள் வெயிலிலும் தெரிகின்றன என்பது உண்மை. வெயிலில் அமோலெட் தெரியாது என்ற பழைய குற்றச்சாட்டு இன்றைக்குப் பொருந்தாது. ஆனால் அப்படித் தெரிவதற்காகத் தன் முழு பலத்தையும் அது செலவிட வேண்டியிருக்கிறது. எம்ஐபி திரையோ, வெயில் ஏற ஏறத் தன் பங்குக்கு எதையும் கூடுதலாகச் செலவழிக்காமலே தெளிவாகிக்கொண்டு போகிறது. நாள் முழுவதும் வெட்டவெளியில் இருக்கப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் வேறு இல்லை.

கார்மினின் ஃபோர்ரன்னர் வரிசை வாட்ச்களைப் பார்த்தால் பெட்டிக் கணக்கின் போக்கு இன்னும் வெளிச்சமாகும். 2022-ல் வந்த எம்ஐபி திரை கொண்ட ஃபோர்ரன்னர் 955-க்கு 15 நாள், ஜிபிஎஸ்ஸில் 42 மணி நேரம். அடுத்த ஆண்டு அமோலெட் திரையுடன் வந்த 965-க்கு 23 நாள், 31 மணி நேரம். நாட்கள் எட்டு கூடியபோது மணி நேரம் பதினொன்று குறைந்திருக்கிறது. திரை உறங்கும்போது மிச்சமானது, ஓடும்போது செலவாகிறது. 2025-ல் வந்த 970-ல் அது 26 மணி நேரம் ஆகிவிட்டது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அமோலெட் பக்கத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். எல்லாச் செயற்கைக்கோள் அமைப்புகளையும் இரட்டை அலைவரிசையில் கேட்கும் மல்டிபேண்ட் முறையில் 955 நிற்பது 20 மணி நேரம், 965 நிற்பது 19, 970 நிற்பது 21. மல்டிபேண்ட் இயங்கும்போது செயற்கைக்கோள் சில்லே பெரும்பங்கை விழுங்கிவிடுவதால், திரையின் வித்தியாசம் அதற்குள் அமிழ்ந்துவிடுகிறது. எப்போதும் மல்டிபேண்டிலேயே ஓடுகிறவர், பேட்டரிக்காக எம்ஐபி வாங்குகிறேன் என்று சொல்வதில் அவ்வளவாகப் பொருளில்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் தவிர, திறந்த சாலையில் ஜிபிஎஸ் மட்டுமே போதும். அந்த எளிய முறையில்தான் எம்ஐபி தன் பலத்தைக் காட்டுகிறது.

எண்களைத் தாண்டி, கையில் கட்டிப் பார்த்தால்தான் புரியும் விஷயம் ஒன்று இருக்கிறது. மணிக்கட்டைத் திருப்பினால் திரை ஒளிரும் என்பது, கை சும்மா இருக்கும்போது நன்றாகவே நடக்கிறது. கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில், வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் பூண்டி அடிவாரத்திலிருந்து இரவிலேயே ஏறத் தொடங்குகிறார்கள். கையில் மூங்கில் தடி இருக்கும். தடியை ஊன்றிப் பிடித்த கை நெஞ்சளவுக்கு ஏற்கெனவே உயர்ந்துதான் இருக்கிறது, மணிக்கட்டு திரும்புவதில்லை. திரையை எழுப்ப வேண்டுமானால், செங்குத்தான படியில் தடியைத் தூக்கிக் கையை ஒருமுறை உதறித் திருப்ப வேண்டும், அல்லது மற்றொரு கையால் பொத்தானை அழுத்த வேண்டும். எம்ஐபி வாட்ச்சானால், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் அதன்மேல் விழும்படி கண்ணைத் தாழ்த்தினாலே போதும். அந்த வெளிச்சத்தையே வாங்கிக்கொண்டு உயரமும் நேரமும் தெரிந்துவிடும். சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைக்கும் இதே நிலைதான். அமோலெட்டில் எப்போதும் ஒளிரும் முறையை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, இருட்டில் அது எம்ஐபியை விட அழகாகவே தெரியும். ஆனால் அப்போது எபிக்ஸின் 42 மணி நேரம் 30 ஆகிவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்ஐபியின் பலவீனத்தையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் ஓட்டக்காரர்களை நேரடியாகத் தொடுகிறது. வெளிநாட்டு விமர்சனங்கள் எம்ஐபியைப் புகழும்போது, பட்டப்பகலில் மலைப்பாதையில் ஓடுகிறவரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. இங்கே சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் விடியற்காலை நாலரைக்கும் ஐந்துக்கும் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். முழு இருட்டும் இல்லாமல் முழு வெளிச்சமும் இல்லாமல், தெருவிளக்குக்குத் தெருவிளக்கு வெளிச்சம் மாறிக்கொண்டிருக்கும் அந்த வேளைதான் எம்ஐபி திரைக்கு மிக மோசமான வேளை. பின்விளக்கு தானாக எரிந்தாலும் சாம்பல் பின்னணியில் எண்கள் மங்கித் தெரியும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்துவிட்டவர்களுக்கு இது சிறு குறையே இல்லை. ஓடும் வேகத்தில் கையைத் தூக்கி, கிலோமீட்டருக்கு 5:42 நிமிடமா 5:12 நிமிடமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எரிச்சலூட்டும். அப்படிப்பட்ட நண்பர்களுக்கு நான் தயங்காமல் அமோலெட்டைத்தான் பரிந்துரைக்கிறேன். எம்ஐபியிலேயே இருக்க விரும்புகிறவர்கள், பயிற்சியின்போது பின்விளக்கு குறைந்த பிரகாசத்தில் தொடர்ந்து எரியும்படி அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வாட்ச்களில் அதற்கு வசதி இருக்கிறது, ஒரு மணி நேர ஓட்டத்தில் அதனால் ஆகும் செலவு பொருட்படுத்தத்தக்கதல்ல.

வரைபடம் பார்ப்பதிலும் அமோலெட்டே மேல். முன்னே சொன்ன இரண்டு வாட்ச்களில், அதே 1.3 அங்குலத்துக்குள் எபிக்ஸில் இரண்டரை மடங்கு பிக்சல்கள் இருக்கின்றன. எம்ஐபி திரை காட்டுவது 64 நிறங்கள்தான். உயரக்கோடுகளும் ஓடைகளும் ஒற்றையடிப் பாதைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில், எம்ஐபியில் எது பாதை, எது ஓடை என்று நின்று பார்க்க வேண்டியிருக்கும். தெரியாத காட்டில் வாட்ச்சின் வரைபடத்தையே நம்பி நடப்பவருக்கு இது முக்கியம். எனக்கு அது அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை. வரைபடத்துக்குப் போனையே எடுக்கிறேன், வாட்ச்சிடம் நான் எதிர்பார்ப்பது பதிவு கடைசி வரை நிற்காமல் ஓட வேண்டும் என்பதை மட்டும்தான்.

அப்படிக் கடைசி வரை ஓடுமா என்பதைக் கணக்கிட, நாட்களை மறந்துவிட்டு, உங்கள் வாழ்க்கையிலேயே மிக நீண்ட நிகழ்வு எத்தனை மணி நேரம் என்று பார்க்க வேண்டும். மாரத்தான் ஓடுகிறவருக்கு அது அதிகபட்சம் ஆறேழு மணி நேரம். இன்று விற்கும் எந்த நல்ல விளையாட்டு வாட்ச்சும் போதும், பேட்டரியைப் பற்றி அவர் கவலைப்படவே தேவையில்லை. ப்ரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40 என்று கால வரம்பு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி நடக்கும் யுடிஎம்பி ஓட்டத்தின் வரம்பு 46 மணி 30 நிமிடம். கடைசி நிமிடத்தில் முடிக்கும் ஓட்டக்காரருக்கு, எபிக்ஸ் திரையை அணைத்து வைத்தாலும் 42 மணி நேரத்தில் கைவிட்டுவிடும். ஃபீனிக்ஸ் 7 காகிதத்தில் பத்து மணி நேரம் மிச்சத்தோடு முடிக்கும்.

காகிதத்தில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டியில் உள்ள மணி நேரத்தை 0.7-ஆல் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். வழிகாட்டும் வரைபடம், இரவில் பின்விளக்கு, போனிலிருந்து வந்துகொண்டே இருக்கும் அறிவிப்புகள், குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறைவது, வாங்கி இரண்டு மூன்று ஆண்டு ஆன பேட்டரியின் தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கழிவு. 600 கிலோமீட்டர் ப்ரெவேயின் 40 மணி நேரத்துக்கு இந்தக் கணக்குப்படி 57 மணி நேரம் என்று எழுதிய வாட்ச் வேண்டும். பவர் பேங்க் கொண்டு போய் நடுவில் சார்ஜ் ஏற்றினால் போயிற்று என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சைக்கிளில் அது எளிது, ஹேண்டில்பாரில் வாட்ச்சைச் சுற்றிக் கட்டி வயரைச் செருகிவிடலாம். ஓடுகிறவருக்கு அது சிக்கல், ஏனென்றால் பெரும்பாலான வாட்ச்களில் சார்ஜ் முனை பின்பக்கத்தில் இருக்கிறது. செருகினால் மணிக்கட்டில் சரியாக உட்காராது, இதயத் துடிப்பு அளவும் அந்த நேரத்துக்குக் கிடைக்காது.

வெயிலிலிருந்து சார்ஜ் எடுக்கும் சோலார் கண்ணாடியைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை போதும். கார்மின் தன் சோலார் நாட்கணக்கை, தினமும் மூன்று மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சத்தில் வாட்ச் வெளியே இருக்கும் என்ற அடிப்படையில் போடுகிறது. 2024-ல் வந்த என்டியூரோ 3-க்கு 36 நாள், வெயிலோடு சேர்த்தால் 90 நாள் என்று சொல்லியிருப்பது வியக்கத்தக்க எண்தான். ஆனால் அதிகாலையில் ஓடிவிட்டுப் பகலெல்லாம் அலுவலகத்தில் உட்காரும் நமக்கோ, சோலைக்காட்டின் நிழலில் முழுக்கைச் சட்டையோடு நடக்கிறவருக்கோ அந்த மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை. வெயிலில் நாள் முழுவதும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மட்டும் சோலாருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்பக் கிடைக்கும்.

பேட்டரியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் விட்டுவிடுவது அதன் ஆயுள். லித்தியம் பேட்டரிகள் சில நூறு முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு, தங்கள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இழந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. வெப்பம் அந்த இழப்பை விரைவுபடுத்தும். இந்த வாட்ச்களின் பேட்டரியை நாமே மாற்ற முடியாது. 15 நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றும் வாட்ச், ஆண்டுக்கு 24 சுற்றுகள் சுற்றுகிறது. 6 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவது 61 சுற்றுகள். தினமும் ஏற்றுவது 365. ஐந்து ஆண்டு வைத்துக்கொள்ளலாம் என்று நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து வாங்குகிறவர்கள், இன்று நிற்கும் நாட்களோடு நான்காம் ஆண்டில் நிற்கப் போகும் நாட்களையும் யோசிக்க வேண்டும். அமோலெட்டில் இன்னொரு தேய்மானமும் உண்டு: ஒரே இடத்தில் ஒரே எழுத்து ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்தால் அங்கே நிழல் தங்கக்கூடும். தயாரிப்பாளர்கள் பிக்சல்களை அவ்வப்போது சற்றே நகர்த்தி இதைச் சமாளிக்கிறார்கள் என்பதால், இதற்காக அமோலெட்டை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கோடைக்காலத்தில் காரின் டேஷ்போர்டில் வைத்து எந்த வாட்ச்சுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்வேன். கார்மின் வாட்ச்களில் சார்ஜ் ஏற்றுவதற்கான வெப்ப வரம்பு 45 டிகிரிதான்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, இந்தத் தேர்வே மெல்லக் கைநழுவிப் போவதுதான். ஃபீனிக்ஸ் 8-ல் எம்ஐபி வேண்டுமானால் சோலார் வகையைத்தான் வாங்க வேண்டும். சிறிய மணிக்கட்டுக்கான 43 மில்லிமீட்டர் அளவில் எம்ஐபியே கிடையாது. கோரோஸ் பேஸ் 3-ல் எம்ஐபி இருந்தது, பேஸ் 4-ல் அமோலெட் வந்துவிட்டது. சூன்டோ வெர்டிகலும் இரண்டாம் பதிப்பில் அமோலெட்டுக்கு மாறிவிட்டது. 2025-ல் கார்மின் கொண்டுவந்த, மைக்ரோஎல்இடி என்ற புதுவகைத் திரை கொண்ட ஃபீனிக்ஸ் 8 ப்ரோவின் பிரகாசம் 4,500 நிட்; அது நிற்பதோ 10 நாள், எப்போதும் ஒளிரவிட்டால் 4 நாள். பிரகாசத்தை நோக்கியே எல்லாரும் ஓடுகிறார்கள் என்றால், கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எம்ஐபி எப்போதும் பழையதாக, வெளுத்துப் போனதாகத் தெரிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டு இரண்டையும் வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுவந்து, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பிறகு படிக்கட்டின் அடியில் உள்ள மங்கலான இடத்திலும் ஒருமுறை பாருங்கள்.

நகரச் சாலையில் விடியற்காலையில் ஓடுகிறவரும், வாரம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுவதைப் பொருட்படுத்தாதவரும் அமோலெட் வாங்கலாம். பயிற்சியின்போது மட்டும் திரை எப்போதும் ஒளிரும்படி வைத்து, மற்ற நேரம் அணைத்துக்கொண்டால் போதும். நாள் கணக்கில் மலையில் நடப்பவர்களும், இரவு பகலாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் எம்ஐபி இன்னும் கிடைக்கும்போதே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கோரோஸ் அபெக்ஸ் 4 எம்ஐபி திரையோடுதான் வருகிறது. முந்தைய தலைமுறை ஃபீனிக்ஸ் 7-உம் ஃபோர்ரன்னர் 955-உம் கிடைக்குமிடத்தில் விலை குறைந்தே கிடைக்கும். அப்படிப் பழைய மாடல் வாங்கும்போது, பெட்டிக்குள் நெடுநாள் கிடந்த பேட்டரியும் தேய்ந்திருக்கும் என்பதால், வாங்கிய வாரத்திலேயே முழுச் சார்ஜ் ஏற்றி, ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுச் சில மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.